சுக்குக் காப்பியை யார் கையால் குடிப்பது?

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 6 அன்று எங்கள் இரவுப் பாடசாலையில் சுக்குக் காப்பி காய்ச்சுகிறோம். அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாள் கூட்டம் மாலை ஆறு மணிக்குத் தொடங்கும். கார்த்திகை மாதம், மழைக்காலம். கரிசல் மண் நனைந்துவிட்டால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். காட்டு வேலை முடிந்து அப்படியே நடந்து வருகிறவர்களுக்குச் சூடாக எதுவும் கொடுக்காமல் இரண்டு மணி நேரம் பேச்சைக் கேளுங்கள் என்று சொல்ல எங்களுக்கு மனம் வராது.

தொடக்கத்தில் கடை டீதான் வாங்கினோம். எட்டயபுரத்துக்கு வெளியே ஒரு கிராமத்துக் கடை. கடைக்காரர் எங்களிடம் மரியாதையாகவே பேசுவார். ஆனால் ஒன்றைக் கவனித்தோம். பெஞ்சில் உட்கார்ந்து குடிப்பவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். எங்கள் தெருக்காரர் போய் நின்றால், கேட்காமலேயே பேப்பர் கப். ஏன் என்று கேட்டதற்கு, "உங்களுக்குத்தான் சுத்தமா இருக்கட்டுமேன்னு" என்றார். பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் குவளைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. தடைக்குப் பிறகும் அந்தக் கடையில் எங்களுக்கென்று ஓர் அடுக்கு தனியாக இருந்தது.

இரட்டைக் குவளை ஒழிந்துவிட்டது என்று கூட்டங்களில் பேசுகிறவர்கள் இந்த அடுக்கைப் பார்க்க வேண்டும். எங்கள் தாத்தாக்களுக்குச் சிரட்டை. அப்பாக்களுக்குக் கூரையில் செருகி வைத்த அலுமினியக் குவளை, அதையும் அவர்களே கழுவி வைக்க வேண்டும். எங்களுக்குப் பேப்பர் கப். இதைக் கழுவக்கூட வேண்டாம், கசக்கிப் போட்டுவிடலாம். சாட்சியும் மிஞ்சாது.

அந்த ஆண்டுதான், இனி நாமே காய்ச்சுவோம் என்று முடிவு செய்தோம்.

அப்போது எங்கள் குழுவிலிருந்து அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்குப் போயிருந்த தோழர் ஒருவர் வீடியோ அழைப்பில் வந்தார். அங்கே குளிர் தொடங்கும்போது ஆப்பிள் சைடர் காய்ச்சுவார்களாம். ஆப்பிள் சாற்றில் பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல் போட்டு ‘ஸ்லோ குக்கர்’ என்ற மின்சாரச் சட்டியில் மூடிவைத்துவிட்டால், கொதிக்காமல் மணிக்கணக்கில் மெல்லச் சூடேறி வீடெல்லாம் மணக்குமாம். அமெரிக்காவில் சைடர் என்றால் பெரும்பாலும் புளிக்காத சாறு. இங்கிலாந்தில் அதே சொல்லுக்குப் புளித்த மது என்று பொருள். கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "நம்ம பதநியும் கள்ளும் மாதிரின்னு சொல்லு" என்றார். சரியான ஒப்பீடு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாமல் விட்டால் கள்.

எங்களிடம் மின்சாரச் சட்டி கிடையாது. சீமைக் கருவேலங்கங்கு இருக்கிறது. எங்கள் வட்டாரத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை.

நாற்பது பேருக்கு எங்கள் கணக்கு இது. எட்டு லிட்டர் தண்ணீர். மேல்தோல் சீவிய சுக்கு நூறு கிராம், கொத்தமல்லி விதை நூறு கிராம், மிளகு இருபத்தைந்து கிராம், ஏலக்காய் பத்து, கைப்பிடி துளசி, கருப்பட்டி ஒரு கிலோ. சுக்கைத் தட்டி, மல்லியையும் மிளகையும் வெறும் சட்டியில் வாசம் வர வறுத்து, எல்லாவற்றையும் ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். மாவாக அரைத்தால் காப்பி குழம்பிப்போகும். கருப்பட்டியைத் தனியே கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள், அடியில் மண் நிற்கும். முதலில் பருத்திமார் வைத்து எரித்து ஒரு கொதி வரவிடுவோம். பருத்திமார் சடசடவென்று எரிந்து தீர்ந்துவிடும். பிறகு கருப்பட்டிப் பாகை ஊற்றி, அண்டாவை மூடி, கருவேலங்கங்கின் மேல் ஒரு மணி நேரம் விட்டுவிடுவோம். காப்பித்தூளும் கிடையாது, பாலும் கிடையாது. கூட்டம் முடிவதற்குள் காரமும் இனிப்பும் ஒன்றாகியிருக்கும்.

இதில் உள்ள பொருள்கள் எதுவும் எங்களுக்கு அந்நியமில்லை. மல்லி, மழையை நம்பிக் கரிசலில் விதைக்கிற பயிர். காய்ந்ததும் அதைப் பிடுங்கி அடிக்கிற கூலி வேலைக்குப் போகிறவர்களில் எங்கள் பெண்கள் நிறையப் பேர். கருப்பட்டி வேம்பார்ப் பக்கம் பனங்காட்டிலிருந்து வருகிறது. பனையேறி இறக்கும் பதநீரை வீட்டுப் பெண்கள் புகைக்குள் நின்று காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி ஆறவைத்து எடுப்பது. ஆமாம், அதே சிரட்டைதான். ஒரு சாதிக்கு டீ ஊற்றும்போது மட்டும் அது அவமானத்தின் பாத்திரம்.

இதுவரை எல்லாம் பெருமையாகச் சொல்லிவிட்டோம். இனிச் சொல்லப்போவதில் பெருமை இல்லை.

எங்கள் குழுவில் பள்ளர், பறையர், அருந்ததியர் என்று மூன்று சமூகத்துப் பிள்ளைகளும் இருக்கிறோம். முதல் முறை அண்டாவை அருந்ததியர் தெருவில் வைத்தோம். காய்ச்சியவர் ஒரு தூய்மைப் பணியாளர். எங்கள் எல்லாருக்கும் அவர் அக்கா. அன்றைய கூட்டத்தின் தலைப்பே இரட்டைக் குவளைதான். மகாத் நகரின் பொதுக்குளத்தில் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் அருந்திய கதையைச் சொன்னோம். பெரியவர்கள் கண் கலங்கக் கேட்டார்கள். கைதட்டினார்கள். பிறகு டம்ளர் தட்டு வந்தது.

பக்கத்துத் தெருவிலிருந்து வந்தவர்களில் பலர் குடிக்கவில்லை. பக்கத்துத் தெரு என்றால் ஆதிக்கச் சாதித் தெரு இல்லை, அதுவும் காலனிதான். "இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்", "சுக்கு எனக்குச் சேராது", "ராத்திரி தூக்கம் வராதுப்பா" என்று ஆளுக்கொரு காரணம். எங்களில் ஒருவரின் அம்மா டம்ளரை வாங்கினார், கூட்டம் முடியும்வரை கையிலேயே வைத்திருந்தார், போகும்போது திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். அன்று பதினான்கு டம்ளர் மீந்தது.

இரவு வீட்டில் அந்த அம்மாவிடம் மகன் கேட்டான். அவர் மறைக்கவில்லை. "கூட்டத்துல பேசுறது வேற, வாயில வைக்கிறது வேறடா. எனக்கும்தான் சிரட்டையில ஊத்துனாக. அதுக்காக நான் அங்க போய்க் குடிக்கணுமா?" என்றார். தான் பட்ட காயத்தையே தனக்குக் கீழே இன்னொருவருக்குக் கொடுப்பதற்குச் சான்றாகச் சொன்னார். அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னதைத் தேர்வுக்காக நாங்கள் பலமுறை எழுதியிருக்கிறோம். எல்லாருக்கும் மேலே ஒருவர் இருப்பார், அநேகமாக எல்லாருக்கும் கீழேயும் ஒருவர் இருப்பார், அதனால் எல்லாரும் சேர்ந்து எதிர்ப்பது கடினமாகும் என்பது அதன் சாரம். அந்த வரியின் முழு அர்த்தம் அந்தத் திண்ணையில் ஆறிப்போன டம்ளரைப் பார்த்தபோதுதான் எங்களுக்குப் புரிந்தது.

சமூகவியல் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு மக்கிம் மேரியட் பெயர் தெரிந்திருக்கும். உத்தரப்பிரதேசக் கிராமம் ஒன்றில், யார் கையால் யார் உணவு வாங்குகிறார், யார் மறுக்கிறார் என்று அட்டவணை போட்டுச் சாதி வரிசையைக் கணக்கிட்டவர். வகுப்பில் அந்தக் கட்டங்களைப் பார்க்கும்போது அது யாரோ தூரத்து மனிதர்களின் கதை. எங்கள் டம்ளர் தட்டும் அதே அட்டவணைதான். அதில் எங்கள் அம்மாக்களின் பெயர்கள் இருந்தன.

சட்டம் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். 1955ஆம் ஆண்டுச் சட்டம், இன்றைக்குக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று வழங்குவது, அதன் 4ஆம் பிரிவில் பொது உணவகத்தின் பாத்திரங்களைப் பயன்படுத்தத் தீண்டாமையின் பெயரால் தடுப்பதைக் குற்றம் என்கிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும், 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பொதுப் பயன்பாட்டுப் பாத்திரங்களைத் தடுப்பது தண்டனைக்குரியது. டீக்கடைக்காரர் மேல் புகார் கொடுக்க இவை போதும். கொடுக்கவும் வேண்டும். ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், குற்றம் செய்தவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாதவராக இருந்தால்தான் பொருந்தும். எங்களுக்குள் நடப்பதற்கு அதில் இடமில்லை. அதைவிட முக்கியம், நமக்குக் குவளையை மறுப்பவரைத் தண்டிக்கச் சட்டம் உண்டு, நம் குவளையை வாங்காதவரைக் குடிக்கவைக்கச் சட்டம் கிடையாது. இருக்கவும் முடியாது.

2023 செப்டம்பரில் எட்டயபுரம் அருகே ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் நடந்தது நினைவிருக்கும். காலை உணவுத் திட்டத்தில் சமைத்தவர் தலித் பெண் என்பதால் குழந்தைகள் சாப்பிடவில்லை என்று செய்தி வந்தது. கனிமொழி எம்.பி.யும் அமைச்சர் கீதா ஜீவனும் அந்தப் பள்ளிக்கே வந்து குழந்தைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அது தேவையான செயல். அந்தச் செய்தியைப் பகிர்ந்து ஆவேசமாக எழுதியவர்களில் நாங்களும் உண்டு. எழுதிய கையோடு, எங்கள் திண்ணையில் மீந்த பதினான்கு டம்ளரும் நினைவுக்கு வந்தது. ஊரைப் பார்த்துக் கேட்ட கேள்வியை எங்கள் தெருவைப் பார்த்தும் கேட்டாக வேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டு கூட்டத்துக்கு முன்பு அக்காவே ஒரு யோசனை சொன்னார். "நான் காய்ச்சுனேன்னு சொல்லாதீங்க. ஸ்கூல்ல வச்சுக் குடுங்க. எல்லாரும் குடிப்பாக. காப்பி வீணாப் போனா எனக்குத்தான் வயிறெரியுது." எங்களில் பாதிப் பேர் சரி என்றோம். ஓட்டலில் யார் சமைத்தார் என்று கேட்டா சாப்பிடுகிறோம்? சேர்ந்து குடித்துப் பழகட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வாதம் செய்தோம். மறுபாதி ஒப்பவில்லை. அவர் கையை மறைத்துவிட்டு அவர் காப்பியை மட்டும் எடுத்துக்கொள்வதற்கும் அவர் உழைப்பை மட்டும் எடுத்துக்கொள்கிற ஊருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார்கள். நள்ளிரவு தாண்டியும் பேசினோம். ஒரு தோழர் கோபித்துக்கொண்டு எழுந்தே போய்விட்டார்.

கடைசியில் சொல்லியே கொடுப்பது என்று முடிவானது. ஆனால் அக்கா ஒருவரை மட்டும் சோதனைக்கு நிறுத்தக் கூடாது என்றும் முடிவு செய்தோம். அண்டா ஆண்டுக்கொரு தெருவில் இருக்கும். மூன்று தெருப் பெண்களும் ஆண்களும் சேர்ந்தே இடிப்போம், சேர்ந்தே காய்ச்சுவோம். ஊற்றும் முன் காய்ச்சியவர்கள் பெயரைச் சொல்வோம். பேப்பர் கப் கிடையாது, எவர்சில்வர் டம்ளர் மட்டும். குடித்த டம்ளர்களை எங்கள் குழுவின் ஆண்கள் கழுவுவார்கள். குடிக்காதவரை யாரும் கேலி செய்யக் கூடாது, ஆனால் அவர் சொல்லும் காரணத்தை நம்புவதுபோல் நடிக்கவும் கூடாது.

சேர்ந்து உண்பதால் மட்டும் சாதி ஒழிந்துவிடாது என்று அம்பேத்கரே ‘சாதி ஒழிப்பு’ நூலில் சொல்கிறார். கலப்பு மணம்தான் உண்மையான மருந்து என்பது அவர் முடிவு. எங்களுக்கும் அதில் மயக்கமில்லை. டம்ளரையே வாங்காத வீடு பெண்ணையோ பிள்ளையையோ எப்படி வாங்கும் என்பதால்தான் டம்ளரில் தொடங்குகிறோம்.

எங்கள் கூட்டம் முடிந்த ஐந்தாம் நாள், டிசம்பர் 11, பாரதி பிறந்த நாள். எட்டயபுரத்துக்கு வெளியூர்ப் பேச்சாளர்கள் வருவார்கள், மணிமண்டபத்தில் மாலை விழும், சாதி இல்லை என்று ஒலிபெருக்கி சொல்லும். நாங்களும் போய்க் கேட்பதுண்டு. கேட்டுவிட்டுத் திரும்பும்போது எங்களுக்குள் ஒரே ஒரு கணக்குத்தான் ஓடும்: இந்த ஆண்டு எத்தனை டம்ளர் மீந்தது?

போன முறை மூன்று. அந்த மூன்று பேர் யார் என்று தெரியும், அவர்கள் வீட்டுக்கு இன்னும் போய்க்கொண்டிருக்கிறோம். திண்ணையில் டம்ளரை வைத்துவிட்டுப் போன அம்மாவும் வந்திருந்தார். அக்காதான் ஊற்றிக் கொடுத்தார். வாங்கி, ஒரு மடக்குக் குடித்து, முகத்தைச் சுளித்தார். எங்களுக்கு மூச்சே நின்றுவிட்டது.

"கருப்பட்டி பத்தல" என்றார்.

அக்கா விடவில்லை. "அடுத்த வருசம் உங்க தெருவுலதான் அண்டா. நீங்க வந்து போடுங்க மதினி" என்றார்.

தம்பிகளே, தங்கைகளே, செய்முறையை மேலே கொடுத்திருக்கிறோம். உங்கள் ஊரில் காய்ச்சிப் பாருங்கள். டீக்கடைக்காரரிடம் கேள்வி கேளுங்கள், புகார் கொடுங்கள். அதோடு உங்கள் வீட்டுக்கும் ஒரு டம்ளர் கொண்டுபோங்கள். யார் காய்ச்சியது என்று சொல்லிக் கொடுங்கள்.