மான் மேய்கிறது, பெயர்கள் ஓடுகின்றன

புதிதாக ஒருவர் பழக்கமாகி, பேச்சு கொஞ்சம் கூடிவந்துவிட்டால், என் போனை அவர் கையில் கொடுத்துவிடுவேன். “ஒன்றரை நிமிஷம்தான், பாருங்க” என்பேன். அவர் படத்தைப் பார்ப்பார், நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். எந்த இடத்தில் சிரிக்கிறார் என்பதை வைத்து ஆளை எடைபோடும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த ஆள் உஷாராகிவிடுவார்.

படத்தின் பெயர் ‘பாம்பி மீட்ஸ் காட்ஸில்லா’. 1969-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஆர்ட் சென்டர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மார்வ் நியூலாண்ட் என்ற மாணவர் வரைந்த கறுப்பு வெள்ளை அனிமேஷன். ஆட்களை நடிக்கவைத்து எடுக்க நினைத்த படம் கைகூடாமல் போக, அதற்குப் பதிலாக இதை வரைந்து கொடுத்தார்.

கதையைச் சொன்னால் சுவாரஸ்யம் கெட்டுவிடும் என்ற பயமே இல்லை. தலைப்பிலேயே எல்லாம் இருக்கிறது. வெள்ளைத் திரையில் ஒரு மான்குட்டி மேய்கிறது. பின்னால் இதமான இசை. டைட்டில் மேல்நோக்கி ஓடுகிறது. ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது. படத்தின் பெரும்பகுதி அவ்வளவுதான். டைட்டில் முடிந்ததும் மேலிருந்து நகமும் செதிலுமாக ஒரு பிரம்மாண்டமான கால் இறங்கி மானைச் சப்பையாக்கிவிடுகிறது. படம் முடிந்தது. காட்ஸில்லாவின் முகம்கூட நமக்குக் காட்டப்படுவதில்லை.

டி.ராஜேந்தர் படங்களைத் தியேட்டரில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதன் பாதி நகைச்சுவை உடனே பிடிபடும். கதை, திரைக்கதை, வசனம், பாடல்கள், இசை, இயக்கம் என்று ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொன்றுக்கும் விசில் பறக்கும். நியூலாண்டும் அப்படித்தான் எல்லா வேலைக்கும் தன் பெயரையே போட்டுக்கொள்கிறார். நடன அமைப்பு அவர்தான். மானுக்கு உடையலங்காரமும் அவர்தான். மான் என்ன உடுத்தியிருக்கிறது என்று கேட்கக் கூடாது. கடைசியில், மார்வ் நியூலாண்ட் என்பவரைத் தயாரித்து வழங்கியவர்கள் திரு, திருமதி நியூலாண்ட் என்று அப்பா அம்மாவுக்கும் ஒரு வரி.

என் கணக்கு இப்படிப் போகும். உடையலங்காரத்தில் சிரிப்பவர், எழுத்துக்கூட்டியாவது எல்லாவற்றையும் படிக்கும் ரகம். ரயில் டிக்கெட்டின் பின்பக்கத்தையும் விடமாட்டார். கால் விழும்போது வெடித்துச் சிரிப்பவர் கள்ளமில்லாதவர், கடன் கொடுக்கலாம். கால் விழுந்தபிறகு திரையில் ஒரு நன்றி அறிவிப்பு வரும்: காட்ஸில்லாவை இந்தப் படத்துக்கு ஏற்பாடு செய்துகொடுக்க உதவியதற்காக டோக்கியோ மாநகரத்துக்கு நன்றி. அங்கே சிரிப்பவர் அநேகமாக அரசு அலுவலகத்திலோ பேங்கிலோ வேலை பார்த்தவராக இருப்பார். எங்கேயும் சிரிக்காமல் “அவ்ளோதானா?” என்று போனைத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. அவர்களில் இருவர் இன்றைக்கு என் நெருங்கிய நண்பர்கள் என்பதால் இந்தக் கணக்கை யாரும் பின்பற்ற வேண்டாம்.

நான் வீடியோ எடிட்டர். விளம்பரம், கல்யாணம், இப்போது ரீல்ஸ். அதனால் இந்தப் படத்தின் நீளத்தை மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே குடைந்திருக்கிறேன். பின்னணி இசை ரோசினியின் ‘வில்லியம் டெல்’ ஓபராவின் முகப்பு இசையிலிருந்து எடுத்தது. ஓபரா 1829-ல் அரங்கேறியது. ஆல்ப்ஸ் மலை இடையர்கள் மாடுகளைக் கூப்பிடும் மெட்டு அது, இங்கிலீஷ் ஹார்னும் புல்லாங்குழலும் மாறி மாறிப் பேசும். பழைய கார்ட்டூன்களில் பொழுது விடிகிறது, ஊர் அமைதியாக இருக்கிறது என்று காட்ட வேண்டுமானால் இதைத்தான் வாசிப்பார்கள். ரோசினி எழுதிய வரிசையில் விடியல் முதலில், அடுத்து புயல், புயல் ஓய்ந்தபிறகு இந்த மெட்டு. நியூலாண்ட் அதைத் தலைகீழாக்கிவிட்டார். மெட்டு முதலில் வருகிறது. புயல் ஒற்றைக் காலாக வருகிறது.

கால் விழும் சத்தமும் சும்மா கிடைத்ததல்ல. பீட்டில்ஸ் 1967-ல் வெளியிட்ட ‘எ டே இன் தி லைஃப்’ பாட்டின் கடைசியில் பல பியானோக்களில் ஒரே நேரத்தில் ஓங்கி அடித்த ஒரு கார்டு உண்டு. அது அடங்கவே நாற்பது நொடிக்கு மேல் ஆகும். அதை எடுத்து வேகத்தைக் குறைத்துக் காலுக்குக் கொடுத்திருக்கிறார். மான் போய்ச் சேர்ந்தபிறகும் சத்தம் போய்ச் சேரவில்லை.

எங்கள் எடிட் ரூமில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனுக்கு இதைப் போட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, “சூப்பர்ண்ணே, ஆனா முன்னாடி லேக் அடிக்குது. இழுவையைக் கட் பண்ணிட்டா செம வைரல் ஆகும்” என்றான். இந்தக் காலத்துப் பையன். முதல் மூன்று நொடியில் எதுவும் நடக்காவிட்டால் பார்ப்பவன் விரல் மேலே தள்ளிவிடும் என்று படித்து வந்தவன். சரி, பண்ணிப் பார் என்றேன். டைட்டிலை முழுக்க எடுத்துவிட்டு மான், கால், முடிந்தது என்று சுருக்கினான். பக்கத்து அறையிலிருந்து ரெண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினோம். ஒருவர், “பாவம் மான்” என்றார். இன்னொருவர், “இது எந்தப் படத்துல வருது?” என்றார். அவ்வளவுதான்.

பையன் எதையும் கெடுக்கவில்லை. கால் அதே கால், சத்தம் அதே சத்தம். ஆனால் நகைச்சுவை இருந்த இடம் டைட்டில். என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்தும், உடையலங்காரம் யார் என்றெல்லாம் பொறுமையாகத் தகவல் தெரிவிக்கும் அந்த நேரத்தைத்தான் அவன் வெட்டியிருந்தான். வரப்போவதை முன்பே சொல்லிவிட்டு, பிறகு ஆற அமரக் காக்க வைப்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். எனக்கு அது இல்லை. என் கைக்கு வரும் எந்த வீடியோவிலும் ஒரு நொடி சும்மா இருந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும், கை கத்திரியைத் தேடும். இருபது வயதைத் தாண்டிய ஒரு மாணவனுக்கு வந்த தைரியம் எனக்கு இன்னும் வராததில் பொறாமைதான், வேறென்ன.

இந்தப் படம் ஏன் பழசாகவில்லை என்பதை என் மகளிடம்தான் பார்த்தேன். முதல் தடவை அவள் கால் விழுந்தபோது திடுக்கிட்டாள், பிறகு சிரித்தாள், பிறகு “இன்னொருக்கா” என்றாள். அடுத்த தடவை கால் விழுவதற்குச் சற்று முன்பே வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்கடுத்து இன்னும் சீக்கிரம். இப்போதெல்லாம் புல்லாங்குழல் ஆரம்பிக்கும்போதே உருளத் தொடங்கிவிடுகிறாள். மற்ற ஜோக்குகளில் தெரிந்துவிட்டால் சிரிப்பு தேயும். இதில் அது தேயாமல் படத்தின் தொடக்கத்தை நோக்கி நகர்ந்துகொண்டே போகிறது.

1994-ல் அனிமேஷன் துறைக்காரர்களிடம் கேட்டுத் தொகுத்த ஐம்பது மகத்தான கார்ட்டூன்களின் பட்டியலில் இது 38-வது இடம். ஆஸ்கர் அகாடமியின் ஆவணக் காப்பகம் 2009-ல் இதைப் பாதுகாத்து வைத்தது. நியூலாண்ட் கனடாவின் வான்கூவரில் சொந்த ஸ்டுடியோ வைத்து வேறு பல படங்கள் செய்தார். அவர் பெயரைச் சொன்னால் இன்றும் எல்லோரும் கேட்பது இந்த மானைத்தான். இளவயதில் ஒன்றரை நிமிடத்தில் பெயர் வாங்கிவிடுவதிலும் ஒரு கஷ்டம் இருக்கும்போல.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். விருதுநகர்ப் பக்கம் எங்கள் குலசாமி கோயில். கிடா வெட்டுக்கு வருஷம் தவறாமல் போவேன். ஆனால் பார்க்க மாட்டேன். மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுக் கிடா எப்போது உடம்பைச் சிலுப்பும் என்று கூட்டம் காத்திருக்கும் அந்த நேரம் என்னால் நிற்க முடியாது. ஆலமரத்துப் பக்கம் நழுவிவிடுவேன். (குழம்பு ஊற்றும்போது சரியாகத் திரும்பி வந்துவிடுவேன் என்று வீட்டில் கேலி உண்டு, அதை மறுக்க முடியாது.) அப்படிப்பட்ட நான் ஒரு மான்குட்டி நசுங்குவதைப் பார்த்துச் சிரிக்கிறேன்.

அதுவும் எப்படிப்பட்ட மான்! டிஸ்னியின் 1942 படத்தில் வேட்டைக்காரன் குண்டுக்குத் தாயைப் பறிகொடுத்து, குழந்தைகளைத் தலைமுறை தலைமுறையாக அழவைத்த மான். காட்ஸில்லாவும் லேசுப்பட்டதல்ல. 1954-ல் ஜப்பானில் வந்த முதல் படத்தில் அது ஹைட்ரஜன் குண்டுச் சோதனையால் கிளம்பிவரும் மிருகம். அந்த வருஷம் மார்ச்சில்தான் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. இரண்டுமே மனிதன் கையால் அடிபட்டவை, அவற்றை மோதவிட்டு நாம் சிரிக்கிறோம் என்று ஒரு கட்டுரை எழுதலாம். எழுதவும் ஆசைப்பட்டேன். ஆனால் சிரிக்கும்போது எனக்கு இது எதுவும் நினைவில் இருப்பதில்லை. ரத்தம் இல்லை, அலறல் இல்லை, நாலு கோடுகள்தான் மான். மறுபடி அழுத்தினால் அது பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும். கிடாய்க்கு அந்த வசதி கிடையாது.

போன தடவை அந்த ஆலமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது அத்தை வந்து, “என்ன மருமகனே, போனுக்குள்ள அப்புடி என்ன?” என்றார். காட்டினேன். அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது, பாம்பியும் தெரியாது, காட்ஸில்லாவும் தெரியாது. இதில் அவருக்கு என்ன இருக்கப்போகிறது என்றுதான் நினைத்தேன். மான் மேய்வதை உம் கொட்டிக்கொண்டு பார்த்தார். கால் விழுந்ததும், “அடப்பாவி” என்றார். சிரிக்கவில்லை. படம் முடியும் தறுவாயில் அந்தக் காலின் விரல்கள் மட்டும் ஒரு தடவை அசையும். நான் சோதித்த யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. அத்தை அங்கேதான் குலுங்கிச் சிரித்தார். “கட்டெறும்பு கடிச்சிருச்சு போல” என்றார்.

மத்தியானம் பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்து பக்கத்துப் பெண்களுக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். போன் இல்லை, புல்லாங்குழல் இல்லை, ஓடும் பெயர்கள் இல்லை. “ஒரு மான்குட்டி மேஞ்சுக்கிட்டு இருந்துச்சாம். மேஞ்சுக்கிட்டே இருந்துச்சாம்.” ஒரு வாய் சோறு. “மேஞ்சுக்கிட்டே இருந்துச்சாம்.” தண்ணீர் குடித்தார். ரசம் வேண்டாம் என்று கை காட்டினார். “அதுபாட்டுக்கு மேஞ்சுக்கிட்டே…” வரிசையில் பாதிப் பேர் அதற்குள் சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். கால் வந்தபோது அதை டைனோசர் கால் என்றார். நான் திருத்தப் போகவில்லை.