பேத்திக்கு ஓர் ஒலிவாங்கி

பத்திரிகைத் தொழிலில் இருந்த நீண்ட காலத்தில் எத்தனையோ பேரின் குரல்களை ஒலிநாடாவில் பதிந்திருக்கிறேன். அமைச்சர்கள், தொழிற்சங்கவாதிகள், எழுத்தாளர்கள், அகதி முகாம்களில் இருந்த தாய்மார் என்று அந்தப் பட்டியல் நீளும். ஆனால் என் வீட்டுக்குள்ளேயே இருந்த ஒரு குரலைக் காப்பாற்றத் தவறிவிட்டேன். பேத்தியின் 15ஆவது பிறந்தநாளுக்கு என்ன பரிசு வாங்கலாம் என்று யோசித்தபோது அந்தத் தவறுதான் முதலில் நினைவுக்கு வந்தது.

அவள் என் மகளின் மகள். வெள்ளவத்தையில் ஒரு மாடிக் குடியிருப்பில் வசிக்கிறார்கள். சிறு வயதிலிருந்தே சங்கீதம் பயில்பவள்; வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சையில் நான்காம் தரம் வரை சித்தியடைந்துவிட்டாள். சினிமாப் பாடல்களும் ஆங்கிலப் பாடல்களும் அவளுக்குப் பாடம். குளிக்கும்போதும் பாடுவாள், கணக்குச் செய்யும்போதும் பாடுவாள். திடீரென்று ஒருநாள் அந்தப் பாட்டு நின்றுபோனது.

பாடசாலை விழாவில் அவள் பாடியதைத் தோழி ஒருத்தி கைத்தொலைபேசியில் பதிந்து அனுப்பியிருக்கிறாள். அதைக் கேட்டதிலிருந்துதான் இந்த மாற்றம். நான் விசாரித்தபோது கண்கள் கலங்கின.

"அம்மப்பா, இது என்ர குரலே இல்லை. மூக்காலை பாடுற மாதிரி, மெல்லிசாய்க் கிடக்கு. எல்லாருக்கும் இப்பிடித்தான் கேட்டிருக்கும். நான் இனிப் பாடமாட்டன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதன்முதலாக ஒரு நேர்காணலைப் பதிந்து, என் கேள்விகளை நானே கேட்ட அன்று எனக்கும் அதே வெட்கம் ஏற்பட்டது. காரணம் எளிமையானது. நாம் பேசும்போதும் பாடும்போதும் நமது குரல் காற்றின் வழியாக மட்டுமன்றி, மண்டையோட்டு எலும்புகளின் வழியாகவும் உட்செவியை அடைகிறது. எலும்பின் வழி வரும் ஒலியில் தாழ்ந்த அதிர்வுகள் மிகுதி. அதனால் நம் குரல் நமக்குக் கனமாகக் கேட்கிறது. பதிவில் அந்தக் கனம் இருப்பதில்லை. போதாக்குறைக்கு, கைத்தொலைபேசியின் மென்பொருள் பேச்சு தெளிவாகக் கேட்கவேண்டும் என்பதையே முதல் நோக்கமாகக் கொண்டது. பாட்டின் ஏற்ற இறக்கத்தை அது சமப்படுத்திவிடும்.

இவற்றையெல்லாம் சொன்னேன். பாதிதான் நம்பினாள். மீதிப் பாதியை நம்பவைக்க நல்லதொரு பதிவு வேண்டும். பரிசு அப்படித்தான் முடிவானது.

பம்பலப்பிட்டியில் ஒரு கடைக்குப் போனேன். அங்கிருந்த இளைஞர், பெரிய ஸ்ரூடியோக்களில் இருப்பதைப் போன்ற பளபளக்கும் கண்டென்சர் மைக் ஒன்றை எடுத்து வைத்து, இதைவிடச் சிறந்தது இல்லை என்றார். விலையும் அப்படித்தான் சொன்னது. வாங்கியே விட்டிருப்பேன். அதற்குமுன், வானொலியில் ஒலிப்பதிவாளராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் மைக்கைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"பிள்ளை எந்த அறையிலை இருந்து பாடப்போறா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஒரு கேள்வியில் என் தெரிவு தலைகீழானது. அந்த வீட்டின் ஒரு பக்கம் காலி வீதி, மறுபக்கம் கடலோரப் புகையிரதப் பாதை. காகங்களுக்கும் குறைவில்லை. கண்டென்சர் மைக் மிகுந்த கூருணர்வு கொண்டது. அது இயங்குவதற்கே 48 வோல்ற் மின்னழுத்தம் கொடுக்கவேண்டும். அமைதியான ஸ்ரூடியோவில் மூச்சின் நுணுக்கத்தைக்கூடப் பிடிக்கும் அது, வெள்ளவத்தையில் பஸ்ஸின் ஹோர்னையும் அதே அக்கறையோடு பிடிக்கும். டைனமிக் வகை அப்படியல்ல. வாய்க்கு நாலு விரற்கடை தூரத்தில் வைத்துப் பாடினால் குரலே முதன்மையாக விழும். தூரத்து ஓசைகள் பின்தங்கிவிடும்.

எனவே ஷுவர் நிறுவனத்தின் எஸ்.எம். 58 மைக்கை வாங்கினேன். 1966இல் அறிமுகமாகி இன்றும் மேடைகளில் காணப்படுவது அது. அதற்குப் போலிகள் ஏராளம் என்பதால் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடமே வாங்கும்படி நண்பர் எச்சரித்தார். மைக்கின் மின்சமிக்ஞையைக் கணினிக்குரிய எண்களாக மாற்ற இன்ரர்பேஸ் எனப்படும் சிறு பெட்டி ஒன்று வேண்டும். இறுவட்டின் தரத்தில் பதிவதென்றால் அது ஒரு விநாடியில் 44,100 தடவை ஒலியை அளவிடும். காதை முழுவதும் மூடும் ஹெட்போன், தாங்கி, கேபிள், காற்றுத் தெறிப்பைத் தடுக்கும் வடிதுணி ஆகியவற்றோடு பட்டியல் முடிந்தது. மென்பொருளுக்குச் செலவில்லை. 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் ஓடாசிற்றி, கற்றுக்கொள்ளும் பிள்ளைக்குப் போதும்.

அறைக்கும் செலவில்லை. மின்விசிறியை நிறுத்தி, உடுப்பு அலுமாரியைத் திறந்துவிட்டு, முதுகுப்புறம் தடித்த போர்வை ஒன்றைத் தொங்கவிடச் சொன்னார் நண்பர். துணி எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும்.

இவற்றோடு, நண்பரின் பட்டியலில் இல்லாத ஒன்றையும் வாங்கினேன். பதிவுகளைச் சேமித்து வைக்க ஒரு வெளிவன்தட்டு. அதற்கான காரணத்தை வீட்டில் ஒருவருக்கும் நான் சொன்னதில்லை.

என் தங்கை நன்றாகப் பாடுவாள். 1982இல் விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போயிருந்தபோது, ஒரு மாலையில் அவளை முற்றத்தில் இருத்தி, அலுவலகக் கருவியில் நாலு பாட்டுகள் பதிந்தேன். கொழும்புக்குத் திரும்பிய சில நாட்களில் அவசரமாக ஒரு பத்திரிகையாளர் மாநாடு. கையில் வெற்றுக் கசற் இல்லை. பிறகு மீண்டும் பாடச் சொல்லிப் பதியலாம் என்ற எண்ணத்தில், அவளுடைய பாட்டுகளின் மேலேயே ஓர் அமைச்சரின் பேச்சைப் பதிந்தேன். அந்தச் செய்தி உட்பக்கத்தில் மூன்று பந்திகளாக வெளியானது. அமைச்சர் என்ன சொன்னார் என்பது இன்று எனக்கு நினைவில்லை. தங்கையிடம் மீண்டும் பாடச் சொல்ல நாள் வாய்க்கவேயில்லை. 1995 இடப்பெயர்வின் பின் வன்னியில் நோயுற்று, மறு ஆண்டு அவள் காலமானாள்.

கசற்றின் பின்விளிம்பில் இரண்டு சிறிய பிளாஸ்ரிக் தகடுகள் இருக்கும். அவற்றை முறித்துவிட்டால் அதன்மேல் எவரும் மறுபடி பதிய முடியாது. பேனாமுனையால் முறிக்க ஒரு விநாடி போதும். எத்தனையோ அரசியல்வாதிகளின் கசற்றுகளில் அதைச் செய்திருக்கிறேன்.

பிறந்தநாளன்று பேத்தி பெட்டியைப் பிரித்துப் பார்த்தாள். நன்றி சொன்னாள். மகிழ்ச்சியைவிடப் பயமே முகத்தில் தெரிந்தது. ஒரு வாரம் எல்லாம் மூலையிலேயே கிடந்தன. அடுத்த சனிக்கிழமை இரவு கதவு பூட்டப்பட்டது. ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தாள்.

"முந்தினதிலும் பரவாயில்லை. ஆனால் ஒருத்தருக்கும் போட்டுக் காட்டமாட்டன். அழிக்கப்போறன்."

"காட்டவேண்டாம், அம்மா. அழிக்க மட்டும் வேண்டாம்" என்றேன்.

ஏனென்று கேட்டாள். 1982இன் கதையை அன்றுதான் முதன்முறையாகச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. உள்ளே சென்று வன்தட்டைக் கணினியில் செருகினாள்.

பாடும் பிள்ளைக்கு இத்தகைய பரிசொன்றை வாங்க எண்ணும் வாசகர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். முதலில் அறையைப் பாருங்கள். பிறகு கடைக்குப் போங்கள். பதிவுகளைச் சேமிக்கவும் ஏதேனும் வாங்கிக் கொடுங்கள். கேட்கத் தரும்படி பிள்ளையை வற்புறுத்தாதீர்கள்.

என் பேத்தி இன்றுவரை ஒரு பதிவையும் எனக்குப் போட்டுக் காட்டவில்லை. ஆனால் போர்வை எதிரொலியைத்தான் குறைக்கும். சத்தம் வெளியே போவதைத் தடுக்காது. சனிக்கிழமை இரவுகளில் நான் கூடத்துக் கதிரையில் பத்திரிகையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் பாடுவது நன்றாகவே கேட்கிறது.