காருக்குப் பின்னாடி ஒரு சமையலுள்

இன்னிக்கு ஒரு பெரிய கொசுவத்தி சுத்தப் போறேன். பொறுத்துக்குங்க மக்களே.

டிராவல் டிரெய்லர்னா தெரியுமில்லையா? காருக்குப் பின்னாடி கொக்கி மாட்டி இழுத்துண்டு போற, சக்கரம் வச்ச குட்டி வீடு. அமெரிக்காவுல 1930கள்லயே இது பிரபலம். ஏர்ஸ்ட்ரீம்னு வெள்ளிக் கலர்ல மாத்திரை மாதிரி இருக்குமே, படத்துல பார்த்திருப்பீங்க. 1969-ல நிலாவுக்குப் போயிட்டு வந்தவங்களை, அதுல ஒண்ணை மாத்தியமைச்சு அதுக்குள்ளதான் முதல்ல அடைச்சு வச்சாங்க. வீட்டுக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் அப்பா இதைச் சொல்லுவார், என்னமோ நம்ம வண்டியிலயே ஆர்ம்ஸ்ட்ராங் தங்கினாப்பல. நம்மளது பதினாறடியில, பலகை கைமாறி வந்த ஒரு தகர டப்பா!

வாங்கினது பாட்டிக்காக. 1978-ல கும்பகோணத்துலேருந்து கிளீவ்லாந்துக்கு ஆறு மாசம் வந்திருந்தா. வெளியில பச்சத்தண்ணி குடிக்க மாட்டா. இவ்ளோ தூரம் வந்துட்டு, ஜன்னல் வழியா எதிர்வீட்டுப் புல்லை மட்டும் பார்த்துட்டு அம்மா திரும்பிடுவாளேன்னு அப்பாவுக்குத் தாங்கலை. சமையலுள்ளையே கூடக் கூட்டிண்டு போயிட்டா? பழைய அடுப்பைக் கழட்டி எறிஞ்சு புதுசு போட்டார். பாட்டி சொம்புலேருந்து கங்கா ஜலம் தெளிச்சா. (ஆசாரம் பத்தி எனக்கு வேற கருத்து உண்டு. அது இன்னொரு பதிவுக்கு.)

முதல்ல சோதனை ஓட்டம், பிட்ஸ்பர்க். 1976-ல கும்பாபிஷேகம் ஆன பெருமாள் கோயில், 130 மைல்தான். வண்டியும் நல்லபடியா போச்சு, பாட்டிக்கும் தைரியம் வந்துடுச்சு. அப்புறம் நேரா யெல்லோஸ்டோன். 1,800 மைலுக்கு மேல. 1973 எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம் வந்த சட்டத்தால எங்கயும் மணிக்கு 55 மைல்தான். ஊர்ந்து ஊர்ந்து போனோம்.

ராத்திரி எங்க நிறுத்தினாலும் அப்பா ரசமட்டமும் கையுமா இறங்கிடுவார். அந்த ஃப்ரிட்ஜ் கேஸ்ல ஓடறது, மோட்டாரே கிடையாது. வண்டி சாய்ஞ்சு நின்னா சரியா குளிராது. சக்கரத்துக்கடியில பலகை வச்சு வச்சு, குமிழி நடுவுல வந்தப்புறம்தான் எங்களுக்குச் சாப்பாடு. எல்லாம் பாட்டியோட தயிருக்காக.

யெல்லோஸ்டோன்ல அந்த இடம் 7,000 அடிக்கு மேல. தண்ணி 93 டிகிரியிலயே கொதிச்சுடும், ஆனா பருப்பு வேகாது. ஊர்லேருந்து வந்த குக்கர்தான் காப்பாத்துச்சு. விசில் அடிச்சதும் பக்கத்து டிரெய்லர்க்காரர் ஓடிவந்து எட்டிப் பார்த்தார் பாருங்க, இன்னிக்கும் சிரிப்பா வருது.

ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊத்து அப்பல்லாம் மணி சொச்சத்துக்கு ஒரு தரம் பீறிடும். 100 அடிக்கு மேல. நிமிஷக் கணக்குல அடங்கிடும். பாட்டி ரெண்டு தரம் பார்த்தா. "பகவான் ஸ்நானத்துக்கு வெந்நீர் போட்டிருக்கார்டா"ன்னு அப்பா கையைப் பிடிச்சுண்டு அழுதா. அப்பாவும் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்னிக்குத்தான். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே அவர் அத்தனை கடன் வாங்கியிருக்கலாம்னு எனக்குத் தோணும்.

அம்மா பார்க்கலை. முதல் தரம் சாதம் வடிச்சுண்டிருந்தா. ரெண்டாவது தரம் பாட்டிக்குக் காபி.

பல வருஷமா எங்க வீட்டுல யெல்லோஸ்டோன் கதைன்னா அப்பாவும் பாட்டியும் அழுத கதைதான். அம்மாவும் கூடவே சிரிச்சுண்டு கேப்பா. அப்பா போனப்புறம் ஒரு நாள்தான், ஆல்பத்தைப் புரட்டிண்டே சாதாரணமா சொன்னா: "டூர் போனது அவா ரெண்டு பேரும். நான் சமையலுள்ளோட போயிட்டு வந்தேன்." ஆல்பத்துல பாருங்க, அம்மா எங்கயுமே இல்லை. ஒரே ஒரு படத்துல டிரெய்லர் ஜன்னல்ல ஒரு கை தெரியும், கரண்டியோட.

அம்மாவுக்கு இப்போ 81. போகலாமாம்மான்னு கேட்டேன். அந்த ஊத்துக்குப் பக்கத்துலயே 1904-ல மரத்துல கட்டின ஓட்டல் ஒண்ணு இருக்கு. செப்டம்பர்ல ரூம் கிடைச்சிருக்கு.

"அடுப்பு இருக்குற ரூம் போட்டுடாதே"ன்னா அம்மா.