நாலு ரூபாய் மோர்

"பையன் சோலார் கம்பெனியில மேனேஜர்" என்று சொல்லி அம்மா எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்த 2018-ம் வருடம், நான் ராஜஸ்தான் பாலைவனத்தில் நின்றுகொண்டு ஆளுக்கு எத்தனை சப்பாத்தி என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அம்மா சொன்னது பொய் இல்லை. மேனேஜர்தான். சோலார்தான். நடுவில் 'மெஸ்' என்ற ஒரே ஒரு வார்த்தையை மட்டும் முழுங்கிவிட்டாள். விசிட்டிங் கார்டில் 'கேம்ப் ஃபெசிலிட்டி மேனேஜர்' என்று ஜோராகப் போட்டிருக்கும். விருதுநகரில் பி.காம். படித்தவன் அதைப் பார்த்து, ஏ.சி. ரூம், சுழல் நாற்காலி என்று கனவு கண்டதில் தப்பு உண்டா, சொல்லுங்கள்! போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது... தண்ணி லாரி வரவில்லையா, கூப்பிடு மேனேஜரை. ஜெனரேட்டர் படுத்துவிட்டதா, கூப்பிடு மேனேஜரை. கக்கூஸ் அடைப்பா, கட்டிலில் மூட்டைப்பூச்சியா, பருப்பில் உப்பு ஜாஸ்தியா... கூப்பிடு, கூப்பிடு, கூப்பிடு!

இடத்தின் பெயர் பட்லா. ஜோத்பூரிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். பக்கத்து டவுன் பலோடி. 2016 மே 19-ந் தேதி 51 டிகிரி வெயில் அடித்து பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்ததே, அதே ஊர்தான். அந்த வெயிலை வீணாக்கக் கூடாது என்று பட்லாவில் சுமார் 14,000 ஏக்கரில் சோலார் பார்க் போட்டார்கள். மொத்தம் 2,245 மெகாவாட். கூடங்குளத்தின் முதல் இரண்டு அணு உலைகளும் சேர்ந்து 2,000 மெகாவாட்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். (அணு உலை ராத்திரியும் ஓடும், சூரியன் ஓடாது என்பது வேறு விஷயம்.) பல கம்பெனிகள் ஆளுக்கொரு பங்காகப் பிரித்துக் கட்டின. அதில் ஒரு பங்கைக் கட்ட வந்த 420 பேருக்குச் சோறு, தண்ணி, கூரை, கக்கூஸ் இவற்றுக்கு அடியேன் பொறுப்பு.

420 பேரில் பாதி பீகார், ஜார்க்கண்ட். மத்தியானம் சோறு இல்லாவிட்டால் அவர்களுக்கு அது சாப்பாடே இல்லை. உ.பி.க்காரர்களுக்கு ரொட்டி. உள்ளூர் டிரைவர்களுக்கு கம்பு ரொட்டி. வங்காளிகள் மீன் கேட்டார்கள். பாலைவனத்தில்! நம்ம ஊர்ப் பக்கம் மூன்றே பேர், கிரேன் ஓட்ட வந்தவர்கள். "அண்ணே, வாரத்துக்கு ஒரு நாள் சாம்பார் வைக்கக் கூடாதா?" என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். வைத்தோம். ஜார்க்கண்ட் கோஷ்டி அதைக் கெட்டுப்போன பருப்பு என்று நினைத்து ஒதுக்கிவிட்டது.

சமையல்காரருக்கு அறுபது வயது. அந்தப் பக்கம் சமையல்காரரை 'மகராஜ்' என்றுதான் கூப்பிடுவார்கள். மகாராஜாவுக்கே நான் மேனேஜர்! என் இந்தி, பள்ளிக்கூட நாளில் எழுதிய 'பிராத்மிக்' பரீட்சையோடு நின்றுபோன இந்தி. முதல் நாள் நான் பேசியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாப், நீங்க கையாலேயே சொல்லுங்க, எனக்குப் புரியும்" என்றார்.

இந்த மகராஜுக்கு ஒரு வழக்கம். சாயங்காலம் மூன்று மணிக்கு ஒரு பெரிய டிரம் நிறைய மோர் கரைத்து, உப்பும் வறுத்த சீரகப் பொடியும் போட்டு, வேலை நடக்கிற இடத்துக்கே டிராக்டரில் அனுப்புவார். முப்பது லிட்டர் தயிர். ஆளுக்கு ஒரு பெரிய டம்ளர். யாரும் அவரை அனுப்பச் சொல்லவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் காலத்திலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது.

மே முதல் வாரம் ஹெட் ஆபீஸிலிருந்து எனக்கு ஒரு மெயில். தலைக்கு ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு 140 ரூபாய் ஆகிறது, 136-க்குள் கொண்டு வரவும்.

நாலு ரூபாய்க்கு என்ன இப்படி அவசரம் என்று கேட்பீர்கள். 2017 மே மாதம் இதே பட்லாவில் நடந்த ஏலத்தில், மின்சாரத்தை யூனிட் 2 ரூபாய் 44 காசுக்குத் தருகிறோம் என்று விலை இறங்கியது. அதுவரை இந்தியாவில் அவ்வளவு குறைந்த விலைக்கு சூரிய மின்சாரம் போனதில்லை. அந்த ஏலத்துக்கும் எங்கள் சைட்டுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனாலும், கடைத்தெருவில் ஒருத்தர் விலையைக் குறைத்தால் எதிர்க்கடைக்காரருக்குத் தூக்கம் போகுமா, போகாதா? மின்சாரக் கம்பெனி கட்டுமானக் கம்பெனியை நெருக்க, அது சப் கான்ட்ராக்டரை நெருக்க, அவர் எங்கள் கேட்டரிங் முதலாளியை நெருக்க, அவர் என்னை நெருக்கினார். எனக்குக் கீழே நெருக்குவதற்கு ஆள் இல்லை. மோர்தான் இருந்தது.

கணக்கைப் பாருங்கள். மோர் ஒரு டம்ளர் அடக்க விலை நாலு ரூபாய். 420 பேருக்கு ஒரு நாளைக்கு 1,680. முப்பது நாளைக்கு 50,400. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியது! ஒப்பந்தத்தைப் புரட்டினேன். மூன்று வேளை சாப்பாடு, இரண்டு வேளை டீ. மோர் இல்லை. 250 பேருக்கு மேல் வேலை பார்க்கிற இடத்தில் கேன்டீன் வேண்டும் என்று 1996-ம் வருடத்துக் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அதிலும் மோர் என்ற வார்த்தை இல்லை. பி.காம். மூளை ஒரே கோடாகப் போட்டு அடித்தது.

மகராஜிடம் சொன்னேன். கையால் இல்லை, வாயாலேயே. அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "மே மாசம் மட்டும் போகட்டுமே, சாப்" என்றார். "ஆர்டர், மகராஜ்" என்றேன். ஹெட் ஆபீஸிலிருந்து 'குட்' என்று ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. அன்றைக்கு ராத்திரி எனக்கு நல்ல தூக்கம்.

நாலாவது நாள் மத்தியானம் ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஜார்க்கண்ட், பலாமு பக்கம். இருபது, இருபத்தோரு வயது இருக்கும். சோலார் தகடு ஒவ்வொன்றும் இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். இரண்டு பேர் பிடித்துத் தூக்கிச் சட்டத்தில் பொருத்த வேண்டும். இப்படி விடிந்ததிலிருந்து தூக்கிக்கொண்டிருந்த பையன். '12 முதல் 4 வரை வேலை கிடையாது' என்று சைட்டில் போர்டு ஒன்று இருந்தது. மே மாத டார்கெட்டும் ஒன்று இருந்தது. எது ஜெயித்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முதலில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்ததாம். உட்கார்ந்து நீவி விட்டுக்கொண்டு எழுந்து போனானாம். பிறகு சம்பந்தமில்லாமல் பேசியிருக்கிறான். அப்புறம் விழுந்துவிட்டான்.

நான் தொட்டுப் பார்த்தேன். தோசைக்கல் மாதிரி கொதித்தது உடம்பு. அந்த வெயிலில் வந்தவனுக்கு நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. மகராஜ் என்னைத் தள்ளிவிட்டு, பெட்ஷீட்டைத் தண்ணியில் நனைத்து அவன் மேல் போட்டார். ஐஸ் பெட்டியைக் கவிழ்த்து, கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வைத்தார். கேம்ப் ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன். பலோடி போய்ச் சேருகிற வரைக்கும் அவன் 'அம்மா' என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு எந்த இந்திப் பரீட்சையும் பாஸ் பண்ண வேண்டியதில்லை.

ஜுரம் 105 இருந்தது. டாக்டர் ஊசி போட்டு, சலைன் ஏற்றிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"என்ன குடிச்சான்?"

"தண்ணி, சார். நிறையக் குடுக்கறோம். ஆர்.ஓ. தண்ணி."

"வெறும் தண்ணியா?"

நான் பேசவில்லை. வியர்வையோடு உப்பும் போகிறது, வெறும் தண்ணியை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உடம்பில் மிச்சம் இருக்கிற உப்பும் நீர்த்துப் போகும் என்று பொறுமையாகச் சொன்னார். வேறு வழி இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணியில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டிப் போட்டுக் கொடுங்கள் என்றார். "அது கிடக்கட்டும், மத்தியானம் ரெண்டு மணிக்கு இவனை யார் வெயில்ல நிறுத்தினது?" என்றும் கேட்டார்.

தினமும் மோர் கிடைத்திருந்தால் அவன் விழுந்திருக்க மாட்டானா? இதை நான் டாக்டரிடம் கேட்கவில்லை. 'மோர் இருந்தாலும் விழுந்திருப்பான்' என்று சொல்லியிருந்தால் நிம்மதியாகத் திரும்பியிருக்கலாம். வேறு மாதிரி சொல்லிவிட்டால்? அந்த பயம்.

ராத்திரி கேம்புக்கு வந்ததும் நேராகச் சமையல் கட்டுக்குப் போனேன். "மகராஜ், நாளைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"தயிருக்குச் சொல்லியாச்சு, சாப்" என்றார்.

மூன்றாம் நாள் பையன் திரும்பி வந்தான். அன்று டிராக்டரோடு நானும் போயிருந்தேன். வரிசையில் வந்து டம்ளரை நீட்டி, "இன்னொண்ணு கிடைக்குமா, சாப்?" என்றான். என்னால்தான் அது நின்றது என்று அவனுக்குத் தெரியாது. ஊற்றினேன். கை நடுங்கி, பாதி மணலில் போயிற்று.

இனி மோருக்குக் கணக்கு எழுத வேண்டுமே! 136-க்கு மேல் போகக் கூடாது. யோசித்தேன். தண்ணி பிளான்ட் கணக்கு தனி. சாப்பாட்டுச் செலவில் வராது. கடின நீரை மென்மையாக்குகிற மெஷினுக்கு மூட்டை மூட்டையாக உப்பு போடுவோம். அந்தத் தலைப்பில், உப்புக்குக் கீழே தயிர், அதற்குக் கீழே சீரகம் என்று எழுதிவிட்டேன். நான் எழுதிய கள்ளக் கணக்கு வாழ்நாளில் அது ஒன்றுதான்.

ஜூன் மாதம் ஹெட் ஆபீஸ் ஆடிட்டர் நேரிலேயே வந்துவிட்டார். மத்தியானம் ஜீப்பிலிருந்து இறங்கியவர் நேராக மெஸ்ஸுக்குள் வந்து விழுந்தார். மகராஜ் ஒரு டம்ளர் கொடுத்தார். குடித்தார். இன்னொன்று கொடுத்தார். குடித்தார். மூன்றாவதைப் பாதி குடித்துவிட்டு லெட்ஜரைத் திறந்தார். விரல் இறங்கிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நின்றது.

"வாட்டர் பிளான்ட்டுக்கு உப்பு சரி. தயிரும் சீரகமும் எதுக்கு மிஸ்டர்?"

நான் எச்சில் முழுங்கினேன். ஆடிட்டர் என்னைப் பார்த்தார். மகராஜைப் பார்த்தார். கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். மீதியையும் குடித்து முடித்துவிட்டு, அந்த வரிக்கு நேராக ஒரு டிக் அடித்தார்.