வெற்றி நூல்களும் இமாம் கஸ்ஸாலியும்

மாற்றம் நாடும் இளைஞர் கையில் எந்நூலைக் கொடுப்பது என்று வினவுவோர்க்கு நாம் முதலில் சொல்லும் பெயர், தொண்டி தந்த அறிஞர் அப்துற் றஹீம். ‘வாழ்க்கையில் வெற்றி’, ‘கவலைப்படாதே!’, ‘எண்ணமே வாழ்வு’ ஆகிய அன்னாரின் நூல்கள் நம் இல்லங்களில் மட்டுமன்றிப் பிற சமயத்தார் இல்லங்களிலும் இடம்பெற்றவை. பெரியோர் வாழ்வின் நிகழ்ச்சிகளை எடுத்துக்காட்டி ஊக்கமூட்டும் நடை. சோர்ந்து கிடப்பவனை எழுப்பிவிட இன்றும் அவை போதும்.

ஆயினும், எழுந்தவன் எத்திசை நோக்கி நடப்பது? பொருளும் புகழும் கைவந்த பின்னர் உள்ளம் வறண்டு போனவனுக்கு அவை என்ன சொல்லும்? இங்கேதான் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘அல்முன்கித் மினள் ளலால்’ என்னும் சிறு நூலை நாம் நீட்டுகிறோம். பகுதாது நிஸாமிய்யா மத்ரஸாவின் பேராசிரியர், புகழின் உச்சி. 1095-ஆம் ஆண்டில், தாம் கற்பிப்பது அல்லாஹ்வுக்காகவா, பெயருக்காகவா என்ற வினா அன்னாரைப் பற்றிக்கொண்டது. ஏறத்தாழ ஆறு திங்கள், போகவும் மாட்டாமல் இருக்கவும் மாட்டாமல் தவித்தார்கள். பாடம் சொல்ல நாவெழவில்லை, உணவு செரிக்கவில்லை, மருத்துவர் கைவிட்டனர். இறுதியில் பிள்ளைகளுக்குப் போதுமான அளவை நிறுத்திக்கொண்டு, எஞ்சிய செல்வத்தை வழங்கிவிட்டு டமாஸ்கஸ் சென்றார்கள். மக்காவுக்குப் போவதாகவே வெளியில் சொல்லிவைத்ததையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்! தம் தடுமாற்றத்தை இவ்வளவு ஒளிவின்றி உரைக்கும் வெற்றி நூலை நாம் கண்டதில்லை.

பள்ளியிறுதி முடித்த பிள்ளைக்கு முன்னவற்றையும், தொழிலில் பத்தாண்டு கண்டவருக்குப் பின்னதையும் கொடுக்கலாம். பெண்மக்களுக்கென்று தனி நூல் உண்டா என்று கேட்கின்றனர். தனி நூல் எதற்கு? இவற்றையே கொடுங்கள்.