சண்டைக்கு ஒதுங்கிய கதை

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, எண்ணெய்ப்பனைக் குலைகளின் நிறைக் கணக்கை முடித்துவிட்டு நாம் ஆபீசைப் பூட்டும் வேளையில், லாரி ஓட்டுநர் ஒருவரின் மகன் வாயிற்படியருகே வந்து நின்றான். வயது 14. "ஐயா, நாளைக்குப் பள்ளிக்கூடம் போகாமலிருக்க ஒரு கடிதம் எழுதித் தருவீர்களா?" என்று கேட்டான். காய்ச்சலா என்றோம். இல்லையென்று தலையசைத்தான். நெடுநேரம் சென்றபின்னரே விஷயம் வெளிவந்தது. மேல்வகுப்பு மாணவன் ஒருவன் இவனைச் சண்டைக்கு அழைத்திருக்கின்றான். பள்ளி விட்டதும் பஸ் நிற்குமிடத்திற்கு வரவேண்டுமாம்; வராவிடில் பயந்தாங்கொள்ளி என்று ஊரறியச் சொல்வானாம்.

"எனக்கு அடிக்கவும் விருப்பமில்லை; அடிபடவும் விருப்பமில்லை ஐயா. அப்பாவிடம் சொன்னால், திருப்பி அடிக்காமல் வீட்டுக்கு வராதே என்பார்" என்றான்.

அன்பர்களே, அப்பிள்ளை கேட்ட கடிதத்தை நாம் எழுதித் தரவில்லை. ஆயினும் அவனைக் கோழையென்று சொல்ல நமக்கு நா எழவில்லை. ஏனெனில் இதே ஜுருவில், இருபது ஆண்டுகளுக்கு முன்னர், அவ்வாறே ஒதுங்கிப்போன பிள்ளை நாம்.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு முடித்தபின், மலாய்மொழியிற் போதிய தேர்ச்சியின்மையால் 2003இல் நம்மைப் புகுமுக வகுப்பிலே ஓராண்டு நிறுத்தினார்கள். அதற்கடுத்த ஆண்டு முதலாம் படிவம். கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்திற் கற்பிக்கும் திட்டம் வந்திருந்த காலம் அது. மலாயில் பின்தங்கிய நமக்கு ஆங்கிலம் எப்படியோ கைகொடுத்தது. இன்று பேனா பிடித்துக் கிராணி வேலையிற் பிழைப்பதற்கு அதுவே காரணம். அன்று நமக்கு வந்த வினைக்கும் அதுவே காரணம்.

நாலாம் படிவத்து மாணவன் ஒருவன். அயலான் அல்லன், நம்மவனே, நான்கு வீடு தள்ளி அதே லயத்திற் குடியிருந்தவனே. முதலில் தன் கணிதப் பாடத்தை எழுதித்தரச் சொன்னான். நம்மால் இயலாதென்று கண்டபின் நாளொன்றுக்கு 50 காசு கேட்டான். 23 நாள் கொடுத்தோம். எதற்கென்று தெரியாமலே, கொடுத்த தேதியையும் தொகையையும் ஒரு கொப்பியின் பின்பக்கத்திற் குறித்து வந்தோம். கணக்குப்பிள்ளையின் புத்தி அப்போதே நமக்கு இருந்தது போலும்! 24ஆம் நாள் கையில் காசில்லை. "வெள்ளிக்கிழமை பஸ் நிற்குமிடத்திற்கு வா, பார்த்துக்கொள்வோம்" என்றான்.

நாம் போகவில்லை. பள்ளி விட்டதும் நூல்நிலையத்திற் பதுங்கி, பின்வாயில் வழியே வெளியேறி, வாய்க்காலோரமாகப் பனைமரங்களுக்கிடையே நடந்தே லயம் சேர்ந்தோம். இவ்வாறு இரண்டு வாரம் கடந்தது. அடியும் படவில்லை, காசும் கொடுக்கவில்லை. நமது சாமர்த்தியத்தை எண்ணி நமக்குள்ளேயே மெச்சிக்கொண்டோம்.

நம் பக்கத்தில் அமரும் நண்பன் ஒருவன் இருந்தான். அவனிடங்கூட நாம் இதைச் சொல்லவில்லை, வெட்கம் தடுத்தது. நாம் வருவோமென்று அவன் நாள்தோறும் அதே பஸ் நிற்குமிடத்திற் காத்திருந்தான். ஒருநாள் அம்முரடன் அவனிடம் நம்மைப் பற்றி விசாரித்திருக்கின்றான். தெரியாதென்று உண்மையைச் சொன்னவனுக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. சைக்கிளிலிருந்து விழுந்ததாக அவன் வீட்டிற் கூறினான்.

கட்டுப்போட்ட கையோடு திண்ணையில் அமர்ந்திருந்தவனிடம் நாம் எல்லாவற்றையும் சொன்னோம். அவன் நம்மைத் திட்டவில்லை. "ஏண்டா, முன்னமே சொல்லியிருந்தால் நானும் உன்னோடு நடந்து வந்திருப்பேனே" என்றான். இந்நாள்வரை நம்மை யார் அடித்திருந்தாலும் அவ்வளவு வலித்திராது.

மறுநாள் இருவரும் சேர்ந்து ஆசிரியர் ஒருவரிடம் போனோம். "ஆண்பிள்ளைகளென்றால் அப்படித்தான் இருப்பார்கள்" என்று அவர் முதலிற் சொன்னார். கொப்பியைத் திருப்பிக் காட்டினோம். 23 தேதிகள், 11 வெள்ளி 50 காசு. அதைக் கண்டபின் அவர் முகம் மாறிற்று. அவனுக்குப் பிரம்படி கிடைத்தது. நமக்குத் தொல்லை நின்றது. அவ்வாண்டின் முடிவில் அவன் பள்ளியை விட்டே நின்றுவிட்டான். அவன் ஏன் அவ்வாறானான் என்று எவரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

இதிலிருந்து நாம் கண்டதென்ன? சண்டைக்கு ஒதுங்கியது குற்றமன்று. ஒதுங்கியதை மறைத்ததே குற்றம். தனித்து ஒதுங்குகின்றவன் தன்மீது விழவேண்டிய அடியை வேறொருவன் தலைக்குத் தள்ளிவிடுகின்றான். நாலு பேரறிய ஒதுங்குகின்றவனோ அந்த அடியையே நிறுத்துகின்றான்.

இது பிள்ளைகளின் விளையாட்டென்று தள்ளத்தக்கதன்று. 2017ஆம் ஆண்டு ஜூன் மாதம் பினாங்குத் தீவில் நவீன் என்னும் 18 வயதுத் தமிழ் இளைஞர் தாக்குண்டு, சில நாட்களில் மருத்துவமனையில் உயிர் நீத்தார். பள்ளி நாட்களிலிருந்தே அவர் பகடிவதைக்கு ஆளானவரென்று அந்நாளில் செய்திகள் வந்தன. அவ்வழக்கிற் குற்றஞ்சாட்டப்பட்டோரை 2024இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. யார் குற்றவாளி என்பது நீதிமன்றத்திற்குரிய கேள்வி. ஒரு பிள்ளை பள்ளியில் தனித்துப் பட்ட துன்பத்தை அன்றே எத்தனை பேர் கண்டோம் என்பது நமக்குரிய கேள்வி.

நார்வே நாட்டில் மூன்று சிறுவர் தம்முயிரை மாய்த்துக்கொண்டதன் பின், 1983இல் அந்நாட்டரசு பள்ளிகளெங்கும் பகடிவதைக்கெதிரான இயக்கமொன்றைத் தொடங்கிற்று. டான் ஓல்வியஸ் என்னும் அறிஞர் பெர்கன் நகரப் பள்ளிகளில் அதனை ஆராய்ந்து, கொடுமை ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததைக் கண்டார். பெரியவர்கள் கண்விழித்திருந்ததே அங்கே மருந்து. கனடாவின் டொராண்டோ நகரப் பள்ளிகளில் நிகழ்ந்து 2001இல் வெளியான ஆராய்ச்சியோ, உடனிருந்த பிள்ளைகள் குறுக்கிட்டபோது பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் பத்து விநாடிக்குள் கொடுமை நின்றதென்று காட்டியது. பத்து விநாடி! ஆயினும் அவ்வாறு குறுக்கிட்டவர் மிகச் சிலரே.

நம் நாட்டிலும் 2025 ஜூலையில் தண்டனைச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்து, பகடிவதையைக் குற்றமாக்கியது. அவ்வாண்டு டிசம்பரில் பகடிவதை எதிர்ப்பு மசோதாவும் மக்களவையில் நிறைவேறியது. நல்லதே. ஆனால் சட்டம் லயத்து வீட்டுக்குள் வந்து பிள்ளையின் முகத்தைப் பார்க்காது. பார்க்கவேண்டியவர் தாய் தந்தையரே. "திருப்பி அடிக்காமல் வராதே" என்று வாசலை அடைத்துவிட்டால், பிள்ளை வேறெங்கே போவான்? வீரம் கையில் இருக்கின்றதென்று நம்மவர் நெடுங்காலமாக நம்பிவிட்டோம். 14 வயதுப் பிள்ளை வாய்திறந்து "எனக்கு அச்சமாயிருக்கின்றது" என்று சொல்வதற்கு வேண்டிய வீரத்தை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அன்று மாலை அப்பையனை உட்காரவைத்து, நடந்ததைத் தேதிவாரியாக அவன் கையாலேயே எழுதச் சொன்னோம். ஒரு பக்கம் நிறைந்தது. பின்னர் அவனோடு வீட்டுக்குச் சென்றோம். தகப்பனார் முதலிற் சீறினார். "என் மகனுக்குப் பயமா?" என்றார். நாம் நமது நண்பனின் மணிக்கட்டைப் பற்றிச் சொன்னோம். அவர் மறுமொழி கூறவில்லை. அந்தத் தாளை வாங்கி, விளக்கடியில் பிடித்து, எழுத்துக்கூட்டி வாசித்தார். வாசித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார்.

மறுநாள் விடியற்காலை, பிரட்டு முடிந்ததும் அவர் ஆபீசுக்கு வந்தார். சட்டை சலவைச்சட்டை. பின்னால் பையன், பள்ளிச் சீருடையில்.

"கிராணியாரே, இன்றைக்கு எனக்கு அரைநாள் லீவு வேண்டும். பள்ளிக்கூடத்திற்குப் போகவேண்டும்" என்றார்.

செக்ரோலைத் திறந்து, அவர் பெயருக்கு நேரே நாமே அதைப் பதிந்தோம்.