சேதுவுக்குச் செல்வோர்

காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஒரகடத்தை அடுத்து வடக்குப்பட்டு என்னும் சிற்றூர் உள்ளது. திருப்பெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரையில் பெருந்தொழிற்சாலைகள் நிறைந்த வட்டாரம் அது. 2022-ஆம் ஆண்டில் தொல்லியல் துறையினர் அவ்வூரில் அகழ்ந்தபோது, மிகப் பழைய கற்கருவிகளும், உரோமநாட்டுச் சாடிகளின் உடைந்த ஓடுகளும் வெளிப்பட்டன. கடல் கடந்து வந்த சாடி புதைந்திருந்த மண்ணேயாயினும், அம்மண்ணில் வாழ்வோர் கடலை அறிந்தவரல்லர். அவர் அறிந்தது ஏரி. ஏரி நிறைதலும், கலங்கல் வழிதலும், கரை கசிதலும் கண்ணுக்குத் தெரிவன. மழைக்காலத்து இரவுகளில் கரைமேல் நின்று நீர்மட்டம் பார்த்துப் பழகிய ஊரார்க்கு, எவ்வளவு நீர் வந்தால் எந்தத் தெரு நனையும் என்பது மனப்பாடம்.

இத்தகைய உள்நாட்டு ஊரார் ஆண்டுதோறும் பேருந்து அமர்த்திக்கொண்டு, ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, இராமேசுவரம் செல்கின்றனர். தொழிற்சாலைகளில் விடுமுறை கிடைக்கும் தீபாவளியை ஒட்டிய நாட்களிலும், மாலையணிந்து மலைக்குச் செல்வோர் பெருகும் கார்த்திகை மார்கழியிலும் கூட்டம் மிகுதி. வங்கக்கடலில் புயல் எழும் காலமும் அதுவே. தீவைப் பற்றி ஏதும் அறியாத மக்கள், தீவுக்கு இடர் மிகுந்த திங்களில் அங்குச் செல்கின்றனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

சேதுவுக்கு வருவோரைக் காத்தல் புதிய கடமை அன்று. இராமநாதபுரத்து மன்னர்க்குச் 'சேதுபதி' என்னும் பட்டமே அக்கடமையைச் சுட்டுவது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேதுவழி காடடர்ந்து கிடந்தது. வழிப்பறி செய்வோர்க்கு அது புகலிடம். மதுரை நாயக்க மன்னராகிய முத்துக்கிருஷ்ணப்பர், 1605-ஆம் ஆண்டளவில் சடைக்கத் தேவரை அந்நிலத்துக்குத் தலைவராக்கியதன் நோக்கங்களுள், யாத்திரை செல்வோர்க்கு ஊறு நேராமல் காத்தலும் ஒன்று. தஞ்சை மராட்டிய மன்னர்கள் அதே வழியில் சத்திரங்களைக் கட்டினர். 1801-இல் இரண்டாம் சரபோசி மன்னர் ஆங்கிலேய அதிகாரிக்கு வரைந்த மடலொன்றில், அச்சத்திரங்களின் அறங்கள் விரித்துரைக்கப்பட்டுள்ளன. வந்தவர்க்கு உணவு, நோயுற்றவர்க்கு மருத்துவர், குழந்தைகட்குப் பால், வழியில் இறந்தார்க்கு ஈமக்கடன் என அவை நீள்கின்றன. ஈமக்கடன் வரையில் ஏற்பாடு செய்திருந்தமையை நோக்கின், யாத்திரையின் இடரை அக்காலத்தார் மறைத்துப் பேசவில்லை என்பது விளங்கும். இன்றைய பயண விளம்பரங்களில் அந்த நேர்மையைக் காண்டல் அரிது.

கள்வரிடமிருந்து காத்தல் எளிது. காற்றிடமிருந்து காத்தல் அரிது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் தெற்கு அந்தமான் கடலில் தோன்றிய தாழ்வுநிலை, பெரும்புயலாகி, மேற்கு நோக்கி விரைந்து, 22-ஆம் நாள் இலங்கையின் வவுனியாப் பகுதியைக் கடந்தது. அன்றிரவு அது தனுஷ்கோடிமேல் பாய்ந்தது. அக்காலத்தில் தனுஷ்கோடி சிறுபட்டினமாகத் திகழ்ந்தது. இரயில் நிலையம், துறைமுக அலுவலகம், அஞ்சல் நிலையம், மாதா கோயில், பள்ளி, விடுதிகள் யாவும் அங்கிருந்தன. இலங்கைத் தலைமன்னாருக்குக் கப்பலும் அங்கிருந்தே சென்றது. நள்ளிரவுக்குச் சற்றுமுன் பாம்பனிலிருந்து ஒரு பயணியர் வண்டி புறப்பட்டது. அதில் நூற்றுக்கு மேற்பட்டோர் இருந்தனர். நிலையம் கண்ணுக்கெட்டும் தொலைவை அவ்வண்டி நெருங்கிய வேளையில், கடல் எழுந்து அதனை மூடிக்கொண்டது. ஒருவரும் உயிர்தப்பவில்லை. தீவிலும் சுற்றுப்புறத்திலும் மாண்டோர் ஏறத்தாழ 1,800 பேர் என்பர்.

அந்நீர் எங்கிருந்து வந்தது? புயற்காற்று கடல்நீரைக் கரைநோக்கித் தள்ளிக்கொண்டே வரும். ஆழ்கடலாயின் தள்ளப்பட்ட நீர் கீழே அமிழ்ந்து திரும்பிச் செல்ல இடமுண்டு. பாக் கடல் ஆழமற்றது. அங்கு அமிழ இடமின்மையால் நீர் மேலேறும். ஏறிய நீர் நிலத்தின்மேல் நடக்கும். தனுஷ்கோடியோ இருபுறமும் கடல் சூழ்ந்த ஒடுங்கிய மணல்நாக்கு. ஒதுங்குதற்கு மேடு அங்கில்லை. ஏரி உடைந்தால் ஓடுதற்கு ஒரு திசை உண்டு. அங்கே எத்திசையும் நீரே.

துறைமுகங்களில் ஏற்றப்படும் புயற்கூண்டுகளுக்கு எண்கள் உண்டு. 1 முதல் 10 வரையிலான எண்கள் இடரின் அளவையும் தொலைவையும் குறிப்பன. 11-ஆம் கூண்டின் பொருள் வேறு. வானிலை நிலையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, இனிச் செய்தி வாராது என்பதே அதன் பொருள். ஓர் ஊர்க்கு நேரும் பேரிடர்களுள் இதனை உச்சியில் வைத்தவர் நுண்ணறிவினர். 1964-இல் தனுஷ்கோடியின் கம்பிகள் அறுந்தன. வண்டி அழிந்த செய்தி வெளியுலகுக்கு எட்ட இரண்டு நாட்கள் ஆயின.

அவ்விரவில் இராமேசுவரத்தில் இருந்தோர் பலர் பெருங்கோயிலுக்குள் அடைக்கலம் புகுந்தனர். கோயிலை நெருங்கிய வெள்ளம் உட்புகாமல் நின்றது. அவர்கள் பிழைத்தனர், ஆயினும் ஊர் திரும்ப வழியில்லை. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் இரயில் பாலத்தின் உத்திரங்களுள் நூற்றுக்கு மேற்பட்டவற்றை அலைகள் பெயர்த்திருந்தன. அன்று சாலைப்பாலம் கிடையாது. அது 1988-இல் வந்தது. ஆகவே தீவு தனித்துக் கிடந்தது. இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரன் பொறுப்பேற்று, கடலில் விழுந்த உத்திரங்களையும் மீட்டெடுத்துப் பொருத்தி, 46 நாட்களில் பாலத்தை ஓடச்செய்தார். அச்செயல் இன்றும் வியந்து பேசப்படுகின்றது.

பாலம் எழுந்தது, தனுஷ்கோடி எழவில்லை. அது மக்கள் வாழ்தற்குத் தகாத இடமென அரசு அறிவித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற இருப்புப்பாதை மீண்டும் அமைக்கப்படவில்லை. வழி சீராதலும் இடம் சீராதலும் வெவ்வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேடவேண்டுவதில்லை. புயலடித்த ஊருக்குப் புறப்படுவோர் இவ்வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர். 'பேருந்து போகின்றதா, கோயில் திறந்திருக்கின்றதா' எனும் இரண்டு வினாக்களோடு அவர்தம் ஆராய்ச்சி முடிந்துவிடுகின்றது.

வடக்குப்பட்டில் யாத்திரைக்கு ஆள்சேர்க்கும் பெரியவர் ஒருவர் வேறு வகையில் வினவுவார். ஒரு மார்கழியில், புயலொன்று தென்கடலைக் கடந்து நான்கு நாட்களான பின்னர், இராமேசுவரத்து விடுதிக்காரரைத் தொலைபேசியில் அழைத்தார். "குடிநீர் எதிலிருந்து எடுக்கிறீர்கள்? கம்பங்கள் எல்லாம் நிமிர்த்தியாயிற்றா? வலைஞர் கடலுக்குப் போனார்களா?" என்று கேட்டார். கிணறுகளில் உப்புநீர் ஏறிவிட்டது, நீர் வண்டியில் வருகின்றது, கம்பிகள் சில தெருக்களில் இன்னும் கிடக்கின்றன, ஒரு படகும் கரையை விட்டு அசையவில்லை என்பன விடைகள். பெரியவர் பயணத்தைத் தள்ளிவைத்தார்.

ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. தொழிற்சாலையில் இரவு முறை வேலை பார்க்கும் இளைஞன் ஒருவன், "கோயில் திறந்துதான் இருக்கிறது, ஐயா! எனக்கு இந்த விடுமுறை போனால் பொங்கலுக்குப் பிறகுதான். அம்மாவுக்குத் தீர்த்தமாட வேண்டும் என்று எத்தனை நாள் ஆசை தெரியுமா?" என்று கேட்டான். அவன் வருத்தம் பொய்யன்று. பெரியவர், "தம்பி, அந்த ஊர்க் கடலை உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்தவர்களே இறங்கவில்லை என்றால் நாம் ஏன் போக வேண்டும்?" என்று மட்டும் சொன்னார். அடுத்த எட்டு நாட்களும் இராமேசுவரத்தில் எவர்க்கும் தீங்கு நேரவில்லை. 'வீணாக அஞ்சினார்' எனச் சிலர் பேசினர். அவர் மறுமொழி கூறவில்லை. ஆனால் நீரை வண்டியில் வாங்கிக் குடிக்கும் ஊரில் ஐம்பது பேர் கூடுதலாகச் சென்றிறங்கினால், அந்நீர் யாருடைய குடத்திலிருந்து குறையும் என்பதைப் பேசியவர் ஒருவரும் எண்ணினாரில்லை.

'வலைஞர் கடலுக்குப் போனார்களா' என்னும் வினா பொன்போன்றது. தனுஷ்கோடியில் ஒருபுறக் கடலை ஆண்கடல் என்றும், மறுபுறக் கடலைப் பெண்கடல் என்றும் வழங்குவர். மன்னார் வளைகுடா சீற்றமுடையதாகலின் ஆண். பாக் கடல் அமைதியுடையதாகலின் பெண். இதனைச் செவியுற்ற புறத்தூரார், பெண்கடலில் எக்காலத்தும் அச்சமின்றி இறங்கலாம் எனக் கருதுகின்றனர். வலைஞர்க்கோ அது காற்றைப் பொறுத்தது. தென்மேற்குக் காற்று வீசும் திங்களில் மன்னார்ப் புறம் குமுறும். வாடை வீசும் திங்களில் பெண்கடலே பொங்கும். யாத்திரை மிகும் கார்த்திகை மார்கழி வாடையின் காலமன்றோ? புயலுக்குப் பின்னரோ மணல் இடம் மாறியிருக்கும். நேற்று முழங்காலளவு நீர் நின்ற இடத்தில் இன்று ஆள்மூழ்கும் பள்ளம் இருக்கக்கூடும்.

இஃது ஒரு நாட்டுக்கே உரிய செய்தியும் அன்று. அமெரிக்கக் கண்டங்களுக்கு இடையேயுள்ள கரீபியன் கடலில் புயலை ஹரிக்கேன் என்பர். 2017 செப்டம்பர் 6-ஆம் நாள் 'இர்மா' என்னும் ஹரிக்கேன் பார்புடாத் தீவை அழித்தது. அங்கு வாழ்ந்த மக்கள் ஏறத்தாழ 1,800 பேர். மற்றொரு புயல் நெருங்கியமையால் அனைவரும் அண்டையிலுள்ள ஆன்டிகுவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சில நூற்றாண்டுகளில் முதன்முறையாக அத்தீவு ஆளின்றிக் கிடந்தது. ஆன்டிகுவா பெரும் சேதமின்றித் தப்பியது. ஆயினும் தொலைநாட்டார்க்கு எல்லாத் தீவுகளும் ஒன்றே. புயலடியாத தீவுகளுக்கும் செல்லத் தயங்கினர். அத்தீவினர்க்கு விருந்தினரே விளைச்சல்; விருந்தினர் வாராவிடின் விடுதிப் பணியாளர் இல்லத்தில் அடுப்பெரியாது. ஆகவே அஞ்சி ஒதுங்கலும் ஒருவகைத் தீங்கு செய்தலே. இராமேசுவரத்திலும் சங்கு விற்போர், வண்டியோட்டுவோர், தீர்த்தக் கிணறுகளில் நீர் இறைத்து ஊற்றுவோர் ஆகியோரின் பிழைப்பு யாத்திரிகர் வரவையே நம்பியுள்ளது. என்று வரலாம் என்பதை அவ்வூரார் உண்மையாகக் கூறவும், வருவோர் பொறுத்துக் கேட்கவும் வேண்டும். வருமானத்தை இழந்து நிற்பவன் 'இப்போது வாராதீர்' என உரைத்தல் எளிதன்று. வடக்குப்பட்டுப் பெரியவர்க்கு விடையிறுத்த விடுதிக்காரர் அதனைச் செய்தார்.

1964-க்குப் பின் காப்பு முறைகள் பெருகின. பழைய பாம்பன் பாலத்தில் காற்றளவுக் கருவி அமைக்கப்பட்டது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் விரைவை மிஞ்சியபோது வண்டி அப்பாலமேறாமல் நிறுத்தப்பட்டது. செயற்கைக்கோள்கள் புயலைப் பல நாட்கள் முன்னரே காட்டுகின்றன. 2020 டிசம்பரில் 'புரெவி' என்னும் புயல், திருகோணமலைக்கு வடக்கே இலங்கையைக் கடந்து, ஏறத்தாழ 1964-இன் வழியிலேயே மன்னார் வளைகுடாவுள் நுழைந்தது. பாம்பனை அண்மியபோது அது வலியிழந்திருந்தது நற்பேறு. எச்சரிக்கையோ நற்பேற்றை நம்பியிராமல் முன்னரே வந்திருந்தது. 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் புதிய இரயில் பாலமும் திறக்கப்பட்டது.

தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனை வரையில் 2017-இல் தார்ச்சாலை திறக்கப்பட்டது. அதற்குமுன் மணலிலும் நீரிலும் ஊர்ந்து செல்லும் வண்டிகளிலேயே மக்கள் சென்றனர். இப்போது பேருந்துகளும் கார்களும் தடையின்றிச் செல்கின்றன. பவளக்கற்களால் எழுப்பிய மாதா கோயிலின் கூரையற்ற சுவர்கள் உப்புக்காற்றில் உதிர்ந்துகொண்டிருக்க, அவற்றின் அடியில் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். முனையில் இரு கடலும் கூடும் இடத்தில் நீரோட்டம் இழுக்குமென்று பலகைகள் எச்சரிக்கின்றன. அப்பலகையின்மேல் உடுப்பைத் தொங்கவிட்டு இறங்குவோரும் உளர். மாலையானதும் காவலர் வந்து அனைவரையும் திருப்பி அனுப்புகின்றனர். கடைசி வண்டி போனபின், அங்கு எஞ்சுவோர் ஓலைக்குடிசைகளில் வாழும் வலைஞர் சிலரே. காற்று அள்ளிவந்த மணல் இரவெல்லாம் சாலைமேல் படியும்.